எதிர் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. ‘குஷன்’ என்று கேட்டால் தெருமுனையிலேயே கைகாட்டுவார்கள். பஸ், வேன், லாரி எதன் சீட் கிழிந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். நைந்த ஃபோமைப் பிய்த்தெறிந்து, புதிதை வெட்டி ஒட்டி, ரெக்சினை இழுத்துப் பிடித்துச் சுருக்கமில்லாமல் தைத்துக் கொடுப்பார். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். என் வண்டியில் ஏறும் வாலுகள் பேனாவால் குத்தியே சீட்டைச் சல்லடையாக்கிவிடும் என்பதால் பாதி நாள் நானும் அந்தக் கடையில்தான் கிடப்பேன்.

மாமாவுக்கு ஆளைப் பார்த்ததுமே அளவெடுக்கிற புத்தி. எதிரில் நிற்பவர் குசலம் விசாரித்துக்கொண்டிருப்பார். இவர் மனதுக்குள், இந்த முதுகு எவ்வளவு சாய வேண்டும், இந்தக் கால் எங்கே எட்டும் என்று ஓடிக்கொண்டிருக்கும். அக்காவை முதன்முதலில் பார்த்தபோதுகூட, ‘இந்தப் பொண்ணுக்குச் சாதாரண நாற்காலி உயரம் ஜாஸ்தி’ என்றுதான் நினைத்தாராம். அதை அவளிடமே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த அக்கா இப்போது வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். கடை தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில், ரெண்டு வருஷம் போய்விட்டு வந்தால் மூச்சு விடலாம் என்று கிளம்பினாள். அந்த ரெண்டு வருஷம் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே போனது. லீவில் வருவாள், வீட்டைப் பெருக்கித் துடைப்பாள், லீவு முடிந்ததும் கிளம்பிவிடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. மாமா சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரையில் தூண்டில் போட ஆரம்பித்ததே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான். “வீட்டுக்குப் போனா டி.வி.தான்மா என்கிட்ட பேசுது” என்பார். நான் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பேன்.

கரையிலிருந்து போட்டால் விரல் நீளக் குஞ்சுகள்தான் மாட்டும். பெரியவை எல்லாம் ஏரி நடுவில். அதனால் ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விட்டவர் தொழிலை மூடியபோது, மாமா அவரிடமிருந்து பழைய கயாக் ஒன்றை வாங்கிவந்தார். குறுகலான பிளாஸ்டிக் துடுப்புப் படகு, வெயிலில் வெளுத்த ஆரஞ்சு நிறம். ஒருவர் பின் ஒருவராக ரெண்டு பேர் உட்காரலாம். கரையில் தூண்டில் போடும் கூட்டம் ‘சோப்பு டப்பா’ என்று அதற்குப் பெயர் வைத்தது. பெயர் வைத்ததோடு நிற்காமல் புத்தியும் சொன்னது: ரெண்டு சீட் படகில் ஒற்றை ஆள் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்றடித்தால் பம்பரமாகச் சுற்றும், முன் சீட்டைக் கழற்றிவிட்டு, உங்கள் சீட்டை நடுவில் போட்டுவிடுங்கள், அரை மணி நேரத்து ஸ்பேனர் வேலை. மாமாவும் சரியென்று நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா போன் பேசினாள். என் வேன் சீட்டைத் தைக்க மாமா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வழக்கமான பேச்சு: சாப்பிட்டீங்களா, மருந்து வாங்கினீங்களா, அங்கே குளிர். கடைசியில் அவள், “சரிங்க, நான் வரேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள். மாமா ஊசியைக் கீழே வைத்தார். முகம் ட்யூப்லைட் மாதிரி ரெண்டு தடவை மினுக்கிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

“கேட்டியா? வர்றாளாம்!”

“மாமா, அது போனை வைக்கிறதுக்குச் சொல்ற ‘வரேன்’. வீட்ல இருந்து கிளம்பறவங்க ‘போறேன்’னா சொல்றாங்க? அந்த மாதிரி.”

“வீட்ல இருந்து கிளம்பினா ‘வரேன்’. போன்ல ‘வச்சிடறேன்’. இத்தனை வருஷமா அவ ‘வச்சிடறேன்’னுதான் சொல்லியிருக்கா. இன்னைக்குத்தான் ‘வரேன்’னு சொன்னா.”

“வாய் தவறியிருக்கும்.”

“மனசுல இருக்கறதுதான் வாய் தவறி வரும்” என்றார். இதற்கு மேல் வாதாட நான் என்ன வக்கீலா? விட்டுவிட்டேன்.

மறுநாள் நான் போனபோது நடுக்கோடு அழிக்கப்பட்டிருந்தது. முன் சீட்டு அங்கேயே இருக்கும், ஆனால் அதன் முகம் பின்பக்கமாகத் திரும்பும் என்றார். எனக்குப் புரியவில்லை. “அவ என்னைப் பார்த்து உட்காருவா” என்று விளக்கினார்.

“படகு முன்னாடி போகும், அக்கா முதுகைக் காட்டிக்கிட்டுப் பின்னாடியே போவாளா? துடுப்பு எப்படிப் போடுவா?”

“அவ எதுக்குத் துடுப்புப் போடணும்? நான் எதுக்கு இருக்கேன்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “முகம் கொடுத்துப் பேசி எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? போன்ல பாக்கறதெல்லாம் ஒரு பார்வையா? பாதி நேரம் அவ மூக்கு மட்டும்தான் தெரியுது” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தக் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. முன் சீட்டுக்கு அடியில், படகோடு சேர்ந்து வார்ப்பிலேயே வந்த இருக்கைப் பள்ளம் முன்பக்கம் பார்ப்பவருக்காகச் சரிந்திருந்தது. திரும்பி உட்கார்ந்தால் வழுக்கிவிடும். அதனால் அலுமினியக் குழாயை வளைத்து ஒரு குட்டை நாற்காலி செய்தார். அதைப் பொருத்தப் படகில் துளை போட வேண்டும். டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, அறுவைசிகிச்சைக்கு முன்னால் யோசிக்கிற டாக்டர் மாதிரி நின்றார். ஊரெல்லாம் படகில் ஓட்டை விழக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும், நீங்கள் காசு கொடுத்து வாங்கி ஓட்டை போடுகிறீர்கள் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. துளை விழுந்ததும் உள்ளே கையை விட்டு அகலமான வாஷர் போட்டு, போல்ட்டை முடுக்கி, சுற்றிலும் சிலிக்கோன் பசையைப் பூசி விரலால் வழித்துவிட்டார்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடித்தது. நாற்காலி உயர்ந்ததால் படகு ஆடும்; ஆகவே தடித்த பிளாஸ்டிக் குழாய் ரெண்டை இருபுறமும் மூடி போட்டு அடைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மிதக்கிற மாதிரி குறுக்குக் கம்பி வைத்துக் கட்டினார். தூண்டில் கழி செருகும் குழாய்கள் முதலில் அவருக்கு முன்னால் இருந்தன. கொக்கி வீசும்போது அக்காவின் முகத்தில் பட்டுவிட்டால் என்று அவற்றைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தூண்டில் எடுக்க ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் திருக வேண்டும், பரவாயில்லையாம். மீன் போடும் பெட்டியும் பின்னால் போனது. சீட்டுக்கு ரெக்சின் ஆகாது, ஈரத்தில் ஒட்டும் என்று தண்ணீர் தங்காத வலைத்துணியைத் தேடி வாங்கினார். ஊருக்கெல்லாம் நறுக்கென்று அரைநாளில் சீட் தைத்துக் கொடுக்கிற மனிதர் அந்த ஒன்றைத் தைத்துத் தைத்துப் பிரித்தார்.

வெள்ளோட்டத்துக்கு நான்தான் பலியாடு. உனக்கும் உன் அக்காவுக்கும் ஒரே உயரம்தானே என்று என்னை எதிர் சீட்டில் உட்கார வைத்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனார். “மாமா, நான் ஏரியைப் பாக்கறதா, உங்க மூஞ்சியையே பாக்கறதா?” என்று கேட்டேன். என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இந்த மனிதரை ஏமாற்றிவிடாதே அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட சமயத்தில் அக்கா வந்தாள். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், வாதத்தில் ஜெயித்துவிட்டாராம். ஆனால் அவள் கையில் ஒரு சின்னப் பெட்டிதான் இருந்தது. வந்த அன்றே சமையலறையில் என்னிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

“நான் அங்கேயே இருந்துடப் போறேன்டி. இனிமே இங்க வந்து குடித்தனம் நடத்த என்னால முடியாது. அவர்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்.”

“என்னக்கா பேச்சு இது? அவர் உனக்காக...”

“தெரியும். அங்க ஒரு தளமே நான் சொன்னாத்தான் நகருது. எனக்குன்னு ஒரு அறை, அதுக்கு ஒரு சாவி. திரும்பி வந்தா நான் மறுபடியும் குஷன் வீட்டம்மா. அவரை அங்க வரச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கடையை விட்டு நகர மாட்டேங்கறார். நான் என்ன பண்ணட்டும்?”

அவளை அறையலாம் போல இருந்தது. அதே சமயம் அவள் சொன்னதில் எதையும் தப்பென்று சொல்லவும் வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சொல்ல வந்தவள் சொன்னாளா என்றால் இல்லை. என் அக்கா முகதாட்சண்யத்துக்கென்றே பிறந்தவள். வாசலில் விற்க வருகிறவனின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வீடு நிறைய விளக்குமாறு வாங்கிக் குவித்தவள். மறுநாள் காலை என் வேன் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு மூவரும் ஏரிக்குப் போனோம். எதிர் சீட்டில் அவளை உட்கார வைத்து, காலை ஊன்றிக்கொள்ளும் கட்டையை நகர்த்திக் கொடுத்து, மாமா துடுப்பைப் போட்டார். நான் கரையில் நின்றேன். மாமாவின் சிரிப்பு கரைவரை கேட்டது. ஒரு நல்ல மீன்கூட மாட்டியது. திரும்பி வந்ததும் அக்காவைக் கண்ணாலேயே கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிடி சொல்றது? குழந்தை மாதிரி பாக்கறார். நான் வாயைத் திறந்தாலே ‘சொல்லு, சொல்லு’ன்னு முன்னாடி சாயறார். மீனைப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்.”

அடுத்த நாளும் மீனைப் பற்றித்தான் பேசினாள். அதற்கடுத்த நாளும். லீவு தேய்ந்துகொண்டே வந்தது. மாமா கடையைத் திறக்கவே இல்லை. ‘இன்னும் எத்தனை நாள் இருப்பே’ என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “என்னங்க, பின்பக்கமாவே போறது எனக்குத் தலை சுத்துது. அந்த சீட்டை முன்னாடி பார்த்து மாத்திடுங்களேன்.”

மாமாவின் கை சோற்றில் நின்றது. தான் தைத்த சீட்டைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார்; ஒருமுறை பஸ் முதலாளி ஒருவரைக் கடையைவிட்டே விரட்டியிருக்கிறார். அன்றைக்கு அக்காவின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி” என்றார்.

சாப்பிட்டு எழுந்ததும் ஸ்பேனரை எடுத்தார். நான் போல்ட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தேன். எப்படியாவது அவர் வாயைப் பிடுங்கலாம் என்று, “அக்காவுக்குத் தலை எப்பவுமே கொஞ்சம் சுத்தும் மாமா, தெரிஞ்சதுதானே” என்றேன். அவர் நிமிரவில்லை. நாற்காலியைக் கழற்றித் திருப்பி வைத்தார். புதிய இடத்தில் துளை போட்டார். பழைய துளைகளைத் தண்ணீர் ஏறாதபடி சும்மா அடைத்துவிட்டாலே போதும். ஆனால் ஒவ்வொன்றையும் துடைத்து, பசை நிரப்பி, மேலே தேய்த்துத் தேய்த்து அங்கே துளை இருந்ததே தெரியாமல் செய்தார். கால் கட்டையை அவள் அளவுக்கு முன்பக்கமாக நகர்த்தி, தன் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அதன் பிறகு ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காற்றே இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது. ரெண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, என் வேனில் வரும் பிள்ளைகள் மாதிரி முன்னால் பார்த்து உட்கார்ந்து போனார்கள். நடு ஏரியில் படகு நின்றது. மாமா தூண்டிலைத் தொடவில்லை. எவ்வளவு நேரம் நின்றார்களோ, எனக்குக் கால் மரத்துப்போய் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பிறகு படகு மெதுவாகத் திரும்பிக் கரைக்கு வந்தது. மாமா அவளைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, படகைப் பக்கவாட்டில் சாய்த்துத் தண்ணீரை வடிக்கத் தொடங்கினார். அக்கா வந்து என் பக்கத்து சீட்டில் ஏறினாள்.

“சொல்லிட்டேன்டி.”

“என்ன சொன்னார்?”

“துடுப்பு சத்தம் நின்னு போச்சு. முழுசும் சொல்லி முடிச்சேன். ‘என்னங்க’ன்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல. திரும்பப் போனேன். ‘கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் திரும்பாதம்மா’ன்னார்.”

“அப்புறம்?”

“திரும்பல. நேரா பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்” என்றாள் அக்கா. சொல்லும்போதும் அவள் கண்ணாடிக்கு வெளியே நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “காத்தே இல்லடி. ஆனா படகு மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.”