கருவாட்டுக் கூடைமேல் விதானையார்

இன்று காலை முகநூலில் ஒரு தம்பி தன் படகின் படத்தைப் போட்டிருந்தார். பெரிய இஞ்சினுக்குப் பக்கத்தில், அவசரத்துக்கென்று ஒரு சின்ன இஞ்சின்.

"பூட்டிப்போட்டன். ஆனா ஆக்கள் ஏறினா சின்ன இஞ்சின்ரை விசிறி தண்ணியைத் தொடுகுதில்லை. என்ன செய்யிறது?"

வரிசையாக ஆண்கள் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

எண்பத்தாறில் நான் நெடுந்தீவில் படிப்பித்தேன். எங்களைத் தீவிலிருந்து ஏற்றிப்போகும் படகுக்கார அண்ணையும் இப்படித்தான், கரையோரம் ஆளில்லாத படகில் அளவெடுத்துச் சின்ன இஞ்சினைப் பூட்டினார். அன்றைக்கே நடுக்கடலில் பெரியது நின்றுவிட்டது. சின்னதின் கயிற்றை இழுத்து முடுக்கினார். விசிறி காற்றில் சுழன்று கத்தியது. அலை படகைச் சரிக்கத் தொடங்கியது.

ஊர்த் தலைவரான விதானையார், எங்கள் பள்ளிக்கூட அதிபர் என்று மரியாதைக்குரியவர்கள் எல்லாரும் முன்பக்கம் இருந்ததால் பின்பக்கம் கிளம்பி நின்றது. அது ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

"விதானையார், பின்னுக்கு வாங்கோ!"

"டீச்சர், அங்கை கருவாட்டுக் கூடையெல்லோ கிடக்கு?"

"அதுக்கு மேலை இருங்கோ."

ஊரே எழுந்து நின்று வழிவிடும் மனிதர் வந்து இருந்தார். பின்னால் அதிபரும் வந்தார். பின்பக்கம் தாழ்ந்தது, விசிறி தண்ணீருக்குள் இறங்கியது, அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் போய் நின்றோம்!

தம்பிக்கு எழுதினேன்: "ஆக்களை ஏத்தி வைச்சு அளவெடும். இஞ்சினை இன்னும் பதிச்சுப் பூட்டும்."

"அக்கா, நீங்கள் மெக்கானிக்கோ?"

"இல்லைத் தம்பி. விதானையாரைக் கருவாட்டுக் கூடையிலை இருத்தினனான்."

அன்று அந்தப் படகில் வந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சாட்சி சொல்லுங்கள். விதானையாரின் பிள்ளைகள் மட்டும் கோபிக்க வேண்டாம்.