எனக்கு மட்டும் வந்த லிங்க்

வேலைக்குப் போன பிறகு நாம் யாரும் புதிதாக எதையும் படிப்பதில்லை என்று ஒருநாள் ரயிலில் புலம்பினேன். நான் சிவில், பாலம் கட்டும் கம்பெனியில் சைட் இன்ஜினியர். தினமும் அதே ரயிலில் கூட வேலைக்கு வரும் நண்பன் எலக்ட்ரானிக்ஸ். காஞ்சிபுரத்தில் வெவ்வேறு பிரிவு படித்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டி, அவரவர் துறையில் புதிதாக வரும் ஆராய்ச்சியை மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்ல வைக்கலாம் என்றேன்.

"ஆளுங்கள நீ சேத்துடு. எடத்த நான் பாக்குறேன்" என்றான்.

ஏழெட்டுப் பேரைச் சேர்த்தேன். கோயிலை ஒட்டிய தெருவில் அவனுடைய மாமா வீட்டு மாடி கிடைத்தது. கெமிக்கல் படித்த ஒருத்தி பேட்டரிகளைப் பற்றிப் பேசினாள். அடுத்த வாரம் என் முறை. வெள்ளத்தில் பாலத்தின் தூணடி மணல் அரித்துப் போகும், மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது; வண்டி போகும்போது தூண் அதிர்கிற விதத்தை வைத்தே அரிப்பைக் கணிக்க முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள் என்று படம் போட்டு விளக்கினேன்.

"சென்சார் நான் செய்றேன்பா" என்று நண்பன் எழுந்தே விட்டான். கம்ப்யூட்டர் படித்தவன் கணக்கை எடுத்துக்கொண்டான். அன்று மாலை எல்லோரும் செவிலிமேடு பாலத்துக்குப் போனோம். லாரி வரும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அதிருது பாரு, அதிருது!" என்று கத்தினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதற்கடுத்த வாரம் தண்ணீர் கேட்கக் கீழே இறங்கினேன். நண்பனின் மாமி சொம்பை நீட்டியபடியே விசாரித்தார்.

"எந்த ஊருமா நீ?"

"மாகறல் ஆன்ட்டி."

"மாகறல்ல எங்க?"

"காலனி" என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர் சிரித்த முகம் மாறவேயில்லை. நான் குடித்து முடித்ததும் சொம்பைக் கையில் வாங்காமல், "அங்க வெளிய வச்சிடுமா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, மாடியில் ரிப்பேர் வேலை, கூட்டம் இல்லை என்று நண்பன் எனக்குச் செய்தி அனுப்பினான். ஞாயிறு மாலை கம்ப்யூட்டர்காரன் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தான். அதே மாடி. என்னைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை ரயிலில் அவனிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினான்.

"மாமி ஏதோ சொல்லிக்கினு இருக்காங்கபா. பெரியவங்க, நான் என்னா பண்றது? நீ தப்பா நெனைக்காத. லிங்க் அனுப்பறேன், வீட்லேர்ந்தே ஜாயின் பண்ணிக்கோ. உனக்கும் அலைச்சல் இல்ல."

லிங்க் வந்தது. எனக்கு மட்டும். மற்ற எல்லோரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாகறலில் எங்கள் வீட்டுக் கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு சிவில் பையன் என் தூணைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். மைக்கைத் திறந்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் லிங்க்?"

அந்தப் பையன் விளக்குவதை நிறுத்திவிட்டு நண்பனைப் பார்த்தான். பிறகு நண்பன் சொன்னான், "வாய்ஸ் பிரேக் ஆவுதுபா, ஒண்ணும் கேக்கல."

எங்கள் தெருவில் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. நான் அணைத்துவிட்டேன்.

ஆத்திரத்தில், அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டிலேயே கூடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். அம்மா கூடுதலாகப் பால் வாங்கி, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டாள். ஒருவர்கூட வரவில்லை. கெமிக்கல் படித்தவள் மட்டும் போன் செய்தாள்.

"நான் அன்னிக்கே உனக்காகப் பேசியிருக்கணும்க்கா."

"ஏன் பேசல?"

அழுதாள். அழுகை முடிந்ததும் வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரப் படத்தில் அவளும் அந்த மாடியில் இருந்தாள்.

யாரும் வராத அன்று இரவே அம்மா நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீந்த பாலுக்கு உறை ஊற்றினாள்.

ஒரு கல்லூரி விழாவில் தூண் சென்சாருக்காக அவர்களுக்குப் பரிசு கிடைத்ததாம். பல துறை இளைஞர்கள் ஒன்றுகூடிச் செய்த சாதனை என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். கீழே நான் வரைந்த தூண் இருந்தது. நண்பன் அதை எனக்கும் அனுப்பி, 'நீயும் சந்தோஷப்படுவ' என்று எழுதியிருந்தான். அவன் நம்பரை பிளாக் செய்தேன். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.