நான் ஏறினால் கிளம்பாத கார்

எனக்குப் பத்து வயதில் எங்கள் வீட்டுக் கார் திடீர் திடீரென்று கிளம்ப மறுத்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்குத் தினமும் அந்தக் காரில்தான் போவார். தனியாகப் போகும்போது அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. ஒருமுறை லாரி உரசிவிட்டது என்று அம்மா கோயிலில் மந்திரித்து வாங்கிய செம்புத் தகடு ஒன்று சிவப்பு நூலில் சாவியோடு தொங்கியது. சின்னப் பிள்ளையான நான் ஏறினால் அதை என் நெற்றியில் ஒற்றிவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அப்பா ஒற்றுவார், நூலைச் சாவியின் தலையில் பயபக்தியோடு சுற்றுவார், திருப்புவார். கார் இருமிவிட்டு அடங்கிவிடும்.

"எறங்கி நில்லுமா," என்பார். நான் புத்தகப்பையோடு தெருவில் நிற்பேன். அவர் சாவியைப் பிடுங்கி, உதறி, மறுபடி போடுவார். உடனே கிளம்பும். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா!

பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். அங்கே மட்டும் கார் சமர்த்தாகக் கிளம்பியது. "காடி ஓகேலா அண்ணே," என்று மெக்கானிக் கையை விரித்தார். காரில் குற்றமில்லை என்றால் மிச்சமிருந்தது நான்தானே.

"இவ கால் வெச்சா எடுக்க மாட்டேங்குதுலா," என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அண்ணன் வெளிநாட்டில் படிக்கப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் அவன் கையில் கொடுக்க சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காய்ப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தேன். வாசலில் செருப்பை மாட்டியபோது அம்மா தடுத்தார். "நீ வீட்ல இரும்மா. பிளைட்டு தப்பிரும்." அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தானே தவிர எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டலத்தைக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் நான்காவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கார் முதல் திருப்பலிலேயே கிளம்பிவிட்டது. அன்றைக்கு நானும் அதை நம்பிவிட்டேன்.

மதியத்துக்கு முன்பே திரும்ப வேண்டியவர்கள் மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். அப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "பிளேன் லேட்டு," என்று சொல்லிவிட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சூலியா தெரு நெரிசலில் அப்பா அணைத்த கார் நான் உள்ளே இருக்கும்போது மறுபடி கிளம்பவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம். பதற்றத்தில் அப்பா நூலை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டார். நான் இறங்கி நின்றும் கிளம்பவில்லை. மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்தார்கள். அவர் அந்தத் தகட்டைப் பார்த்ததே அன்றுதான். சாமி சமாச்சாரத்தில் எண்ணெய்க் கை படக்கூடாது என்று, பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அப்பா அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாராம்!

மெக்கானிக் தகட்டை அவிழ்த்துவிட்டுத் திருப்பினார், கிளம்பியது. சுற்றிவிட்டுத் திருப்பினார், கிளம்பவில்லை. "அண்ணே, சாவி தலைக்குள்ள சின்ன சிப் இருக்குது. செம்பு மூடிக்கிட்டா காடிக்கு சாவியே தெரியாதுலா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தொழிற்சாலையிலும் சொல்லிச் சிரித்திருப்பார். தகடு காருக்குள் இருந்த கண்ணாடிக்கு இடம் மாறியது. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன வருடம் அண்ணன் வந்திருந்தபோது அம்மா பழங்கதை பேசினார். "ஏர்போர்ட்ல இவன் நெத்தியில தகட்ட வெச்சு வழியனுப்பினேன்ல, அப்புறம் அப்பா நூல சாவியில சுத்தினாரு, காடி எடுக்கவே இல்ல. இவன் போய்ச் சேர்ற வரைக்கும் நூல அவுக்கக் கூடாதுன்னுட்டேன். அது தானா நெகிழ்ற வரைக்கும் வெயில்லயே நின்னோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று விமானம் தாமதமாகவில்லை. நான் ஏறாத காரும் நின்றது. அது தெரிந்த பிறகும் இரண்டு மாதம் என்னைத் தெருவில் இறக்கி நிற்க வைத்தார்கள்.

அண்ணன் புறப்பட்ட அன்று மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா களைத்துப் போயிருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். பின்னாலேயே அடுக்களைக்குப் போய், "பாவம்மா, ரொம்ப நேரம் நின்னிருப்பீங்க. சாப்பிடுங்க," என்று அந்த ஜாதிக்காய்ப் பொட்டலத்தை நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டார்.