பத்தொன்பது வண்டி விறகு

போதகர் கோட்லோப் ஹென்னிங் செத்த இரண்டாம் நாள் காலை, சபை மூப்பர் ஹார்ம் யான்சன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். துக்கம் விசாரிப்பதை முந்தின நாள் ரயிலடியிலேயே முடித்துவிட்டார். இது வேறு வேலை.

“வாழ்க்கைக் குறிப்பு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும், ஒட்டிலி. நாளைக்கு வாசிக்கப்போற ஆல்பர்ஸ் போதகர் ஒருதரம் படிச்சுப் பாத்துக்கணுமாம். பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயசு. தடுமாறிடக் கூடாது.”

“தர்றேன், யான்சன் ஐயா.”

அவர் முகம் சுருங்கியது. சின்ன வயதில் அவரை ஹார்ம் மாமா என்று கூப்பிட்டவள்தான் போதகரின் இந்த மகள். அவர் தோளில் உட்கார்ந்து சோளக்காட்டைப் பார்த்தவள்.

ஜெர்மானியக் குடியேறிகளின் ஊரான லிண்டென்தாலில் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி மணி. பெட்டியைப் பலிபீடத்தின் முன் வைத்து, பிரசங்கத்துக்கு முன்பு வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், பிள்ளைகள், முன்னே போய்விட்டவர்கள், நோய், முடிவு. வாழ்ந்த வருஷம், மாதம், நாள். குடும்பம் எழுதித் தரும், போதகர் வாசிப்பார். பெண்கள் கோயிலில் வாய் திறப்பது பாட்டுக்கு மட்டும். இந்த ஊர் உண்டான நாளிலிருந்து எல்லாக் குறிப்பையும் வாசித்தது அப்பாதான். அவருடையதை எழுத இப்போது ஒட்டிலியை விட்டால் ஆளில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. நெப்ராஸ்கா ரயில்பாதையில் ஒரு சந்திப்பில் தந்தி அடிக்கிறாள். பத்து வார்த்தைக்குள் ஒரு சாவைச் சொல்லி முடிக்கத் தெரிந்தவள். அப்பா போன செய்தியும் அவள் மேசைக்குத்தான் வந்தது. கருவி தட்டத் தட்ட அவளே எழுதி எடுத்தாள். கையெழுத்து கோணவில்லை. கிடைத்தது என்று திருப்பித் தட்டினாள். அதன் பிறகுதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அப்பாவின் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

பிறந்தது ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க்கில், ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது ஜனவரி மூன்றாம் தேதி, ஒரு நெசவாளியின் ஏழாவது பிள்ளையாக. உருளைக்கிழங்கு அழுகிப்போன வருஷங்களில் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சோறு போட்டார்கள். இருபத்தேழு வயதில் கப்பலேறினார். மிசூரியில் ஆற்றோரச் சபை. அங்கே ரோசினாவைக் கட்டினார். அங்கேயே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார். அடுத்த வெள்ளத்தில் கல்லறையே போய்விட்டது. பிறகு மேற்கே அனுப்பினார்கள். புல்லைத் தவிர ஒன்றுமில்லாத இந்த இடத்துக்கு, ஒரு மாட்டுவண்டி, ஒரு மனைவி, மிச்சமிருந்த ஒரு மகள், ஒரு பெட்டி புத்தகம். இங்கே இம்மானுவேல் பிறந்தான்.

இதுவரை எழுதப் பேனா தயங்கவில்லை. அடுத்தது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று. பேனாவை மையில் தோய்த்தாள். இரண்டே வரியில் எழுதினாள்.

சாயங்காலம் யான்சனும் ஆல்பர்ஸும் சேர்ந்தே வந்தார்கள். ஆல்பர்ஸ் தாளை வாங்கிப் படித்தார். பாதிக்கு மேல் அவர் காது சிவந்தது. யான்சனிடம் நீட்டினார். யான்சன் விரல் வைத்துப் படித்தார்.

‘கெஸ்காவுக்கு மணி அடித்ததற்காக, அந்தக் குளிர்காலம் போதகர் வீட்டுக்கு விறகு தருவதில்லை என்று சபை தீர்மானித்தது. ஜனவரியில் அவர் மனைவி ரோசினாவும், மூன்று வயது மகன் இம்மானுவேலும் ஒரே வாரத்தில் நெஞ்சுச்சளி கண்டு இறந்தார்கள்.’

“இதை எடுத்துரும்மா,” என்றார் யான்சன்.

“எதுல பொய் இருக்கு?”

“பொய்னு சொல்லல. செத்தவர் முன்னாடி வாசிக்கிறதா இது?”

“செத்தவர் முன்னாடி வேற எதை வாசிப்பாங்க? அவர் வீட்டுல செத்தவங்களைத்தான் எழுதியிருக்கேன்.”

ஆல்பர்ஸ் தொண்டையைச் செருமினார். “அம்மா, எனக்கு ஊர் புதுசு. அந்த கெஸ்கா யாரு?”

ஒட்டிலி சொன்னாள். கெஸ்கா ஒரு குடியானவன் மனைவி, இருபத்தேழு வயது. காற்றைத் தவிர வேறு சத்தமில்லாத ஒரு வீட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டு, ஒரு அக்டோபர் காலையில் கிணற்றில் இறங்கிவிட்டாள். தன்னை மாய்த்துக்கொண்டவளுக்கு மணி கிடையாது, வேலிக்கு வெளியேதான் குழி என்றார்கள் மூப்பர்கள். மணியடிக்கிறவன் கயிற்றைத் தொட மாட்டேன் என்றான். அப்பா அங்கியோடு போய்த் தானே கயிற்றை இழுத்தார், இருபத்தேழு தரம். வேலிக்குள்ளே புதைத்தார். அடுத்த ஞாயிறு சபைக் கூட்டம். இந்தச் சமவெளியில் மரம் கிடையாது. பதினாலு மைல் தள்ளி ஆற்றங்கரையில் வெட்டி வர வேண்டும். பத்தொன்பது குடும்பம், வீட்டுக்கு ஒரு வண்டி விறகு, கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னால் போதகர் வீட்டில் இறக்குவது வழக்கம். போதகர் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும் வரை ஒரு குச்சியும் கிடையாது என்று தீர்மானித்தார்கள்.

“எத்தனை பேர் கை தூக்குனீங்க, யான்சன் ஐயா?”

“எல்லாரும்.”

“நீங்களும்.”

“நானும்தான்.”

“அவ்வளவுதான் எழுதியிருக்கேன். உங்க பேரைக்கூட எழுதல.”

யான்சனுக்கும் கோபம் வந்தது. “உங்கப்பன் லேசுப்பட்டவரா? கழுதைக்கே முரண்டு சொல்லிக் குடுப்பாரு! ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மறுநாளே பத்தொன்பது வண்டி வந்திருக்கும். கோயில் கொட்டகையில கூரை வரைக்கும் விறகு கெடந்துச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

அது அவளுக்குத் தெரியும். சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கோயில் விறகு சபையின் விறகு, அதை வீட்டுக்கு எடுக்க மாட்டேன் என்றார். சோளத்தண்டை எரித்தார்கள், காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி எரித்தார்கள். பன்னிரண்டு வயது ஒட்டிலியின் உள்ளங்கை புல் முறுக்கிக் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் அடுப்பு சிவக்க எரியும். ஆராதனை முடிந்த பிறகும் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பு அணையும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பத்தடி தூரத்தில் கொட்டகை. அப்பா கதவருகே நின்று, பூட்ட வேண்டுமே என்று காத்திருப்பார்.

“அது அவர் தப்பு. இது உங்க தப்பு,” என்றாள். “நீங்க ஒரு வண்டி கொண்டுவந்திருந்தா போதும்.”

யான்சன் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“கொண்டுவந்தேன்.”

“எப்போ?”

“கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம். விடியறதுக்கு முன்னாடி, ஊரு எந்திரிக்கிறதுக்குள்ள. பொஞ்சாதிக்குக்கூடச் சொல்லல. உங்கப்பா வெளிய வந்தாரு. ‘பகல்ல கொண்டா, ஹார்ம். எல்லாரும் பாக்கக் கொண்டா. இல்லேன்னா திருப்பிட்டுப் போ. திருட்டுத்தனமா வர்ற விறகு எனக்கு வேணாம்’னாரு.”

“நீங்க?”

“திருப்பிட்டேன்.”

ஒட்டிலிக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. பனியில் சக்கரத் தடம். வாசல் வரை வந்து, வளைந்து, வந்த வழியே போயிருந்தது. அம்மா போர்வையோடு ஜன்னலில் நின்று, “யாருங்க வந்தது?” என்று கேட்டாள். “யாரோ வழி தவறி வந்துட்டாங்க,” என்றார் அப்பா. வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாத மனிதர். அந்த ஒரு பொய்யை அம்மாவிடம் சொன்னார்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மணி அடிக்காதீங்கன்னு அவரை எதுத்துப் பேசத் தெரிஞ்சுது உங்களுக்கு. விறகு குடுக்கக் கூடாதுன்னு கையைத் தூக்கத் தெரிஞ்சுது. திருப்பிட்டுப் போன்னா மட்டும் நல்ல சபைப்பிள்ளையாட்டம் கேட்டுக்கிட்டீங்க. இறக்கிப் போட்டுட்டு ஓட வேண்டியதுதானே? அவர் என்ன, உங்களைத் துரத்திக்கிட்டா வரப்போறாரு?”

“போதகர் சொன்னாருன்னு…”

“எங்கம்மா என்ன சொல்லியிருப்பான்னு யாராச்சும் கேட்டீங்களா? நீங்க ரெண்டு ஆம்பளைங்க வாசல்ல நின்னு நியாயம் பேசியிருக்கீங்க. அவ உள்ள இருமிக்கிட்டு இருந்தா.”

யான்சன் தாளை மேசையில் வைத்தார்.

“அப்போ எடுத்துருவியா?”

“சேக்கணும்.”

பேனாவை எடுத்து, அவர் கண் முன்னாலேயே எழுதினாள். ‘ஒரு வண்டி வந்தது. இருட்டில் வந்தது என்று அவர் அதைத் திருப்பி அனுப்பினார்.’ மை உலர ஊதினாள். ஆல்பர்ஸிடம் நீட்டினாள்.

“முழுசா வாசிங்க. ஒரு வரி விட்டாலும் நான் என் பெஞ்சுல எந்திரிச்சு நின்னு வாசிப்பேன். அப்புறம் என்னை வெளிய தூக்கிட்டுப் போக எத்தனை மூப்பர் வேணும்னு பாத்துக்கோங்க.”

ஆல்பர்ஸ் யான்சனைப் பார்த்தார். யான்சன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாசிங்க,” என்றார்.

மறுநாள் மணி அறுபத்தொரு தரம் அடித்தது. ஆல்பர்ஸ் வாசித்தார், தடுமாறவில்லை. விறகைப் பற்றிய வரிகள் வந்தபோது ஆண்கள் பக்கம் ஒரு தலை அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ‘அறுபத்தொரு வருஷம், நாலு மாதம், ஒன்பது நாள் வாழ்ந்தார்’ என்று முடித்தார். பாட்டு தொடங்கியது. எல்லோரும் நன்றாகவே பாடினார்கள்.

அடக்கம் முடிந்து பள்ளிக்கூடத்தில் காப்பியும் வெண்ணெய்க் கேக்கும். யான்சனின் மனைவி தாலியா ஒட்டிலியின் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள்.

“வாசிப்பு நல்லா இருந்துச்சு, கண்ணு. நாள், தேதி எல்லாம் சுத்தமா எழுதியிருந்தே.”

“விறகு?”

“எந்தக் கேக்கை எடுத்துக்கிறே? இது பிளம் போட்டது.”

“விறகைக் கேட்டேன், தாலியா அத்தை.”

“பழசெல்லாம் எதுக்கு? சாப்பிடு. மெலிஞ்சு போயிட்டே.”

ஒரு அறை நிறைய ஆட்கள், எல்லோர் வாயிலும் கேக். பயிரைப் பற்றிப் பேசினார்கள். ஒட்டிலி தட்டை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனதில் தாடை வலித்தது. அவர்கள் மேல் கோபம். அதைவிட, இப்போதுதான் மண்ணுக்குள் இறக்கிய மனிதர் மேல் கோபம். அவரிடம் இனி ஒரு வார்த்தை கேட்க முடியாது.

மறுநாள், நன்றாக வெயில் ஏறிய பிறகு, தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. யான்சனின் வீட்டிலிருந்து போதகர் வீட்டுக்குக் குறுக்குப் பாதை உண்டு. அவர் அதில் வரவில்லை. கடை, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாம் சுற்றி, குதிரைகளை நடையிலேயே ஓட்டி வந்தார். வண்டி நிறைய ஆற்றங்கரை விறகு. கதவுகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

வாசலில் நிறுத்தினார். அவள் படியில் நின்றாள். இன்னும் மூன்று நாளில் இந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவள். மே மாதம். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

“திருப்பிட்டுப் போகவா?” என்றார் கடைசியில்.

“இறக்குங்க.”

அறுபத்தெட்டு வயது மனிதர் ஒவ்வொரு கட்டையாகத் தனியே இறக்கினார். அவள் உதவிக்குப் போகவில்லை. அடுக்கி முடித்து, சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு கை நிறைய விறகை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா படுத்திருந்த அறையின் இரும்பு அடுப்பு இன்னும் அங்கேயே இருந்தது. அதில் அடுக்கிப் பற்றவைத்தாள். அது சிவந்ததும் இன்னும் போட்டாள். அப்பாவின் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினாள், துணிகளை மடித்தாள், நடுநடுவே வந்து அடுப்பு நிறையப் போட்டாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. சுவர்ப் பலகைகள் சூட்டில் முனகின. மூன்று நாளும் அந்தப் புகைபோக்கி ஓயவில்லை. ஊரே பார்த்தது.

மூன்றாம் நாள் யான்சன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். “மே மாசத்துல எதுக்கும்மா இந்த நெருப்பு?”

அவள் கடைசிக் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“குளிருது, யான்சன் ஐயா,” என்றாள்.