இரண்டு குழுக்களுக்கு நடுவில் ஓர் எலி

டிசம்பர் வந்தால் ஹூஸ்டன் பக்கம் இரண்டு பாலே குழுக்கள் பஸ்களில் வந்து இறங்கும். இரண்டும் ஆடுவது ஒரே கதைதான். கிறிஸ்துமஸ் இரவில் பொம்மைச் சிப்பாய்களும் எலிகளும் சண்டை போடும் கதை. பெரியவர்கள் குழுவோடு ஊர் ஊராக வருவார்கள்; குட்டி எலிகளை மட்டும் அந்தந்த ஊரிலேயே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரான கேட்டியில் என் மகள் போகும் பாலே வகுப்பிலிருந்து இதில் ஒரு குழு பிள்ளைகளை எடுக்கும். ஒன்பது வயதில் அவள் எலியாகத் தேர்வானபோது, மெடிக்கல் சீட் கிடைத்த வீடு மாதிரி எங்கள் வீடு அமர்க்களப்பட்டது.

அதோடு விட்டிருக்கலாம். என் கணவருக்கு விடத் தெரியாது. வேலையோ, வீடோ, டே கேரோ, எதற்கும் இரண்டு இடத்தில் எழுதிப்போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நம்மவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகள் ஆடும் வீடியோவை இன்னொரு குழுவுக்கும் அனுப்பிவிட்டார். பக்கத்து ஊரான சுகர் லேண்டில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் அவர்களும் இவளை எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு இடத்துலயும் செலக்ட் ஆயிட்டா! ஒண்ணு கேன்சல் ஆனாலும் இன்னொண்ணு இருக்கும்ல?"

"அவ எலிங்க. எச்-ஒன்-பி விசா அப்ளிகேஷன் இல்ல," என்றேன்.

சுகர் லேண்டுக்காரர்கள் தேர்வான பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போட்டார்கள். முதல் குழு பார்த்துவிட்டது. ஒரு சீசனில் ஒரு குழுவில்தான் ஆடலாம் என்பது விதியாம். போனில் மிக மரியாதையாகச் சொல்லி மகளை நீக்கினார்கள். என் கணவர் உடனே சுகர் லேண்டுக்காரர்களுக்கு, அங்கே நீக்கிவிட்டார்கள், இனி உங்களிடமே ஆடட்டும் என்று வெள்ளந்தியாக எழுதினார். அவர்களோடு ஒத்திகை பார்த்த பிள்ளை எங்களுக்கு வேண்டாம் என்று பதில் வந்தது.

என்னதான் பகை இவர்களுக்குள் என்று ஆபீசில் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேடிப் படித்தேன். பாலேயின் பழைய கதையும் இதேதான். ரஷ்யாவை விட்டு வந்த ஆட்டக்காரர்களின் பெரிய குழு ஒன்று, தலைவர் இறந்ததும் கலைந்திருக்கிறது. பிறகு நாங்கள்தான் வாரிசு என்று இரண்டு குழுக்கள், ஏறக்குறைய ஒரே பெயரில், ரயிலேறி அமெரிக்கா முழுக்கப் போட்டி போட்டு ஆடியிருக்கின்றன. ஒருவர் ஆட்களை இன்னொருவர் இழுத்திருக்கிறார்கள். எந்த ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள். இத்தனை பெரிய மனிதர்களின் சண்டை என் பெண்ணின் தலையிலா வந்து விடிய வேண்டும்? சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

மகளிடம் என்ன சொல்வது? "கொஞ்சம் ப்ராப்ளம்டா கண்ணா. அம்மா பேசி சரி பண்ணிடறேன்," என்றேன். அவள் நம்பினாள். அடுப்படியில் நான் சமைக்கும்போது என் காலைச் சுற்றிச் சுற்றி எலி ஆட்டம் பழகினாள். நான் இரண்டு குழுவுக்கும் மெயில் மேல் மெயில் போட்டேன். பேர்லேண்ட் கோயிலுக்குப் போய் பிள்ளையார் முன்னால் நின்றேன். எலி விஷயம், அவருக்குத் தெரியாததா? வெட்கத்தை விட்டு அவரிடம் அழுதேன்.

முதல் குழுவின் ஆட்டத்துக்கு எப்போதோ டிக்கெட் வாங்கியிருந்தோம். போக வேண்டாம் என்றேன். மகள் கேட்கவில்லை. கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு, ஆட்டச் செருப்பையும் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

அரங்கத்தின் பின்வாசலில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மாள் நின்றிருந்தார். போனில் பேசியவர் அவர்தான். மகளை அப்பாவோடு முன்பக்கம் அனுப்பிவிட்டு ஓடினேன். மேடையில் ஓர் ஓரமாக நிற்கவாவது விடுங்கள், தப்பு எங்களுடையது, அவள் குழந்தை என்று மன்றாடினேன். அழகாக ஆடும் பிள்ளைதான், ஆனால் என் கையில் எதுவும் இல்லை என்றார். வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நமஸ்தே," என்று அவரும் கைகூப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் இருக்கையில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. எலிகள் இருவர் இருவராகக் கைகோத்து வந்தன. கடைசியில் ஓர் எலி மட்டும் தனியாக வந்தது. அதன் ஒரு கை பக்கத்தில் இல்லாத யாரையோ பிடித்த மாதிரி காற்றில் நீண்டிருந்தது. அந்த இடத்துக்கு வேறு பிள்ளையைக்கூட அவர்கள் போடவில்லை.

மகள் என் காதருகே வந்தாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மா, தட்ஸ் மை ஸ்பாட்! தே ஸேவ்ட் இட் ஃபார் மீ."

குனிந்து பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"கேன் ஐ கோ நௌ?"

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.