ஷாம்பூத் தொட்டியில் கழுவிய சின்தசைசர்கள்

ஜப்பானின் ஹமாமட்சுவில் கால் தடுக்கினால் ஏதாவது ஒரு வாத்தியத்தின் மேல்தான் விழ வேண்டும். பியானோ செய்கிறவர், பியானோவுக்கு ஆணி செய்கிறவர், ஆணி செய்கிறவருக்கு மதியச் சோறு கட்டிக் கொடுக்கிறவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு இசைதான் பிழைப்பு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நாகுரா கினுயோவுக்கு ஒரு பாட்டுகூட முழுதாக வாசிக்க வராது. சிறுவயதில் பியானோ சொல்லிக்கொடுத்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு தாளத்தோட போகமாட்டேங்கறா. தாளம் தன்னோட வரணும்கிறா" என்று அவள் அம்மாவிடம் கைவிரித்துவிட்டார்.

கினுயோ முடி வெட்டக் கற்றுக்கொண்டாள். மேட்டுத் தெருவில் சொந்தமாகச் சலூன் வைத்தாள். நகரப் பேருந்து ஓட்டும் யசுஹேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். பக்கத்து மதுக்கடையை இழுத்து மூடியபோது குப்பைக்கு வெளியே வைத்த சாமான்களோடு சின்தசைசர் என்னும் மின்னணு இசைப்பொறி ஒன்று பழையதாகக் கிடந்திராவிட்டால், அவள் கதை இவ்வளவில் முடிந்திருக்கும்.

எவனோ அதன் மேல் விஸ்கியைக் கொட்டியிருந்தான். கட்டைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கினுயோ அதைத் துண்டு காயப்போடும் தள்ளுவண்டியில் ஏற்றிச் சலூனுக்குள் கொண்டுவந்தாள். கத்தரிக்கோல் திருகாணியை முடுக்கும் சின்னத் திருப்புளியால் திறந்தாள். பஞ்சுக் குச்சியை எரிசாராயத்தில் நனைத்து ஒவ்வொரு தொடுமுனையாகத் துடைத்தாள். அழுக்கைப் பார்த்தால் எடுக்காமல் விடக்கூடாது என்பதைத் தவிர அப்போது அவளுக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. மின்சாரம் கொடுத்து ஒரு கட்டையை அழுத்தினாள். உள்ளே யாரோ போர்வைக்கடியில் முனகுவதுபோல "ஊ" என்றது. மேலே இருந்த குமிழ் ஒன்றைத் திருகினாள். மூடிக்கிடந்த அந்த "ஊ" மெல்ல மெல்ல வாய் திறந்து "ஆ" என்று அகன்றது. திரும்பத் திருகினாள். மூடியது. மறுபடி திறந்தது. ஒரே ஒரு விரல், ஒரே ஒரு கட்டை. தாளத்துக்கு அங்கே வேலையே இல்லை.

நாற்காலியில் சுருள்மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்கடைத் தெராதா அம்மாளை அவள் மறந்தே போனாள்.

"கினுயோ சான், என் தலை எரியுது!"

"இதோ வந்துட்டேன், இதோ!"

அன்றைக்குத் தெராதாவின் முடி தேவைக்கு மேல் சுருண்டுவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "ஆக்டோபஸ் மாதிரி இருக்கேன். கடைக்கு விளம்பரம் ஆச்சு" என்று போனார்.

அதற்குப் பிறகு கினுயோவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தபால்வழிப் பாடத்தில் சேர்ந்து மின்னணுவியல் படித்தாள். யாராவது பழைய சின்தசைசரைத் தூக்கிப்போடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், யசுஹேயின் விடுமுறை நாள் பறிபோனது என்று அர்த்தம்.

"கினு, நேத்துவரைக்கும் நான் படுத்த இடத்துல இன்னிக்கு ஒண்ணு படுத்திருக்கே?"

"அதுக்கு முதுகுல அடி. நிமித்தி வைக்க முடியாது."

"எனக்கும்தான் முதுகு வலி."

"உன்னைத் திறந்து பாக்க எனக்குப் படிப்பு பத்தாதுப்பா."

மாடி நிறைந்தது. மாடிப்படியின் ஓரம் நிறைந்தது. அவள் வாங்கி அடுக்குகிறவள் மட்டும் அல்ல. பழைய பொறிகளுக்குள் நினைவைக் காக்க ஒரு மின்கலம் வைத்திருப்பார்கள். வயதானால் அது ஒழுகி, தன்னைத் தாங்கும் மின்சுற்றுப் பலகையையே அரித்துத் தின்றுவிடும். கினுயோ அதைப் பிடுங்கிவிட்டு, எளிதாக மாற்றக்கூடிய பொத்தான் மின்கலத்தை வைப்பாள். மங்கிப்போன திரைக்குப் பதில் பளிச்சென்ற புதுத் திரை. பழைய நெகிழ்தட்டு செருகும் வாய்க்குப் பதில் கட்டைவிரல் அளவு நினைவுக்குச்சி. ஒன்றோடொன்று பேசத் தெரியாத காலத்துப் பொறிகளுக்கு, பேசிக்கொள்ளப் புது வாசல்.

இதுதான் குசே மொரிமிசிக்கு ஆகவில்லை.

குசே, ஆற்றோரத்தில் நெசவாலை வைத்திருந்தவர். ஆலையை மூடிய பிறகு தறிகள் இருந்த கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து சின்தசைசர்களை வைத்தார். எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி. ஒரு திருகாணி மாறியிருக்காது. எல்லாவற்றின் முன்னாலும் 'தொடாதீர்கள்' என்று அட்டை. நடுநாயகமாக ஷிராசாகி எட்டு. சில காலமே நடந்து மூடிப்போன ஒரு சின்னப் பட்டறை செய்த பெரும் பொறி அது. எட்டுக் குரலில் ஒரே நேரத்தில் பாடும், நான்கு பேர் இல்லாமல் நகராது. ஊரில் பழைய பொறி சேர்ப்பவர்களின் சங்கத்துக்கு குசேதான் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் கினுயோவை ஒரு இடி இடிக்காமல் அவருக்குத் தேநீர் இறங்காது.

"நாகுரா சான் போன வாரம் எதை வெட்டுனீங்க? தலைமுடின்னா திரும்ப வளரும். இது வளராதுங்களே."

"உங்களதும் நல்லா இருக்கா குசே சான்? கண்ணாடிக்குள்ள மூச்சு விடுதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். குசேயும் சிரிப்பார். ஆனால் புதுச் சங்கவிதி ஒன்று வந்தது: உள்ளே மாற்றம் செய்த பொறிகளை வருடாந்தரக் கண்காட்சியில் வைக்கக்கூடாது. அது யாருக்காகப் போட்ட விதி என்று எல்லோருக்கும் தெரியும். கினுயோ வீட்டுக்கு வந்து, வாங்கி வந்திருந்த கியோசாக் கொழுக்கட்டைகளை முளைப்பயறோடு ஒரு தட்டு காலி செய்தாள். இரண்டாவது தட்டையும் இழுத்தாள். யசுஹேய் தன் பங்கைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினான்.

அந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில்தான் புயல் மழை வந்தது. ஆறு கரையேறி ஆலைக்குள் புகுந்தது.

விடிந்ததும் சங்கத்தார் ஒவ்வொருவராகப் போனார்கள். கினுயோவும் யசுஹேயும் போனபோது கூடத்தில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளும் சேறு. 'தொடாதீர்கள்' அட்டைகள் தரையில் ஒட்டிக் கிடந்தன. குசே ஒரு நாற்காலியில் மழைக்காலணியோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்தார். ஒரு பொறியின் மின்வடத்தைத் துணியால் துடைத்தார். "ஒண்ணாவது உயிரோட இருக்கான்னு பாத்துடறேன்" என்று சுவரை நோக்கிப் போனார்.

"செருகாதீங்க!"

கினுயோ கத்தியது ஆலை முழுக்க எதிரொலித்தது. சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"தண்ணி இதைக் கொல்லல குசே சான். ஈரத்தோட கரண்ட் குடுத்தா நீங்கதான் கொல்லுவீங்க. சேறு காய்ஞ்சாலும் போச்சு. காயறதுக்குள்ள கழுவணும்."

"கழுவறதா? எதால?"

"தண்ணியாலதான். சுத்தமான தண்ணி."

"தண்ணில மூழ்கினதைத் திரும்பத் தண்ணிலயா?"

"சேத்துல விழுந்த குழந்தையை என்ன பண்ணுவீங்க? காயட்டும்னு விட்டுடுவீங்களா?"

குசே அவளைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், கடைசியில் ஷிராசாகியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மின்வடத்தை அவளிடம் கொடுத்தார்.

சலூன் கதவில் 'இந்த வாரம் விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். யசுஹேய் பேருந்துப் பணிமனை நண்பர்களைக் கூட்டிவந்து, வண்டி வண்டியாகப் பொறிகளை மேட்டுத் தெருவுக்கு ஏற்றினான். திருப்புளி பிடிக்கத் தெரிந்த சங்கத்தார் எல்லோரும் சலூன் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். ஷாம்பூத் தொட்டிகளில், கழுத்து வைக்கும் பள்ளத்தில், பச்சைப் பலகைகள் வந்து சாய்ந்தன. கினுயோ மிருதுவான தூரிகையால், குழந்தையின் தலையை அலசுவதுபோல, சேற்றை அலசினாள். கடைசி அலசலுக்கு உப்பில்லாத, காய்ச்சி வடித்த நீர். அதன்மேல் எரிசாராயம், ஈரத்தை இழுத்துக்கொண்டு போக. சுருள்முடி காயவைக்கும் தலைக்கூண்டுகளின் சூட்டை அணைத்துவிட்டு, வெறும் காற்றை மட்டும் ஓடவிட்டாள். கூண்டுக்கு ஒரு பலகை என்று வரிசையாக உட்கார்ந்து காய்ந்தன. வெள்ளை, கறுப்புக் கட்டைகள் துண்டு காயும் கொடியில் வலைப்பையில் தொங்கின.

விடுமுறை என்று தெரியாமல் வந்த தெராதா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு இன்னிக்கு நேரம் குடுத்திருந்தியே. என் நாற்காலில இது யாரு?"

"வெள்ளத்துல மாட்டுனவங்க, தெராதா சான்."

"அப்ப முதல்ல அவங்களைப் பாரு." அவர் கைப்பையை வைத்துவிட்டுக் குளிர்காற்று உலர்த்தியைக் கையில் எடுத்தார். "மீனுக்கு ஐஸ் அடிக்கற கைதான். சூடு வைக்கமாட்டேன், பயப்படாதே."

குளிர்காலம் வந்து, இந்தச் சீமைக்கே உரிய வறண்ட காற்று வீசத் தொடங்கியபோது பொறிகளின் மரப்பக்கங்கள் எல்லாம் வளையாமல் காய்ந்துவிட்டன. பக்கத்து மிக்காபி ஊர் ஆரஞ்சுக் கூடைகளோடு சங்கத்தார் வந்துபோனபடி இருந்தார்கள். ஒவ்வொரு பொறியாக உயிர்பெற்றது. ஒன்று முதல்முறை கத்தியபோது, சாலையில் போன நாயெல்லாம் பதில் சொன்னது. மாடியில் இடமில்லாமல், பிழைத்தவை சலூன் கண்ணாடிக்கு முன்னாலேயே உட்கார்ந்தன. முடி வெட்ட வந்தவர்கள் ஒவ்வொரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஷிராசாகி எட்டு மட்டும் எழவில்லை. குரல் தரும் பலகைகள் தப்பியிருந்தன. ஆனால் மின்வழங்கி துருவேறிப் போயிருந்தது. எட்டுக் குரலையும் ஆட்டிவைக்கும் மூளைச் சில்லு செத்திருந்தது. அந்தச் சில்லு இப்போது உலகில் எங்கும் செய்வதில்லை. கினுயோ குசேயை அழைத்துத் திறந்து காட்டினாள்.

"மின்வழங்கி புதுசு வைக்கணும். மூளைப் பலகையும் புதுசா நானே செய்யணும். சூடேற ஏற சுருதி இறங்குற பழைய வியாதி ஒண்ணு இதுக்கு உண்டு. அதையும் தானே சரிபண்ணிக்கற மாதிரி வச்சிடலாம்."

குசே துருவேறிய மின்வழங்கியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்புறம் இது ஷிராசாகியா?"

"போன வருஷம் உங்க முட்டில எஃகு வச்சாங்களே. வீட்டுக்கு யார் திரும்பி வந்தது? குசே சானா, வேற யாராவதா?"

"எங்க வீட்டம்மாவைக் கேட்டா வேற யாரோன்னுதான் சொல்லுவா. முன்னவிட வேகமா நடந்து கேள்வி கேக்கறேனாம்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், "செய்ங்க" என்றார்.

அவள் குறிப்பெழுதத் தயாரானாள். "சரி. இதோட குரல் எப்படி இருக்கும்? கொஞ்சம் கரகரப்பா, இல்ல தேன் மாதிரி வழவழன்னா? நீங்க சொன்னாத்தான் அதுக்கேத்தபடி திருத்த முடியும்."

குசே ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததை வாயில் போடவில்லை.

"தெரியாது."

"என்னது?"

"நான் கேட்டதில்ல. வாங்குன அன்னிலிருந்து கரண்ட்டே குடுத்ததில்ல. எதாவது எரிஞ்சுடுமோன்னு பயம். அப்படியே இருந்துட்டேன்."

கினுயோ குறிப்பேட்டை மூடி வைத்தாள். இத்தனை காலம் தன்னை இடித்துப் பேசியவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. இந்த மனிதர் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற ஒரே பிடிவாதம்தான் மிஞ்சியது.

முதல் மூளைப் பலகை புகைந்தது. இரண்டாவது, ஏழு குரலைப் பாடவைத்துவிட்டு எட்டாவதைக் குரைக்கவைத்தது. யசுஹேய் குரைக்கும் குரல்தான் தனக்குப் பிடித்ததென்று சொல்லித் திட்டு வாங்கினான். மூன்றாவது பலகையைச் செருகியபோது கினுயோ கட்டையைத் தொடவில்லை. சுருதி தானே சரியாகிக்கொள்வதை மட்டும் விளக்குகளில் பார்த்தாள். எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையானதும், மின்சாரத்தை அணைத்து மூடியைப் பூட்டினாள்.

"கேக்கலையா?" என்றான் யசுஹேய்.

"முதல்ல அவர் கேக்கட்டும்."

வசந்தத்தில் கண்காட்சி அதே ஆலைக் கூடத்தில் நடந்தது. கண்ணாடிப் பெட்டிகள் இல்லை. வெள்ளத்தில் பிழைத்த பொறிகள் எல்லாம், கினுயோவின் மாடியிலிருந்து வந்தவையும், அரைவட்டமாக நின்றன. சங்கத்தார், பணிமனை ஓட்டுநர்கள், சலூன் வாடிக்கையாளர்கள் என்று கூடம் கொள்ளாத கூட்டம். மத்தியில் ஷிராசாகி. கினுயோ குசேயின் கையைப் பிடித்து அழைத்துப்போய் விசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எரிஞ்சா?" என்றார் அவர் மெதுவாக.

"எரிஞ்சா அணைப்போம். அமுக்குங்க."

விளக்குகள் ஒளிர்ந்தன. குசேக்கும் வாசிக்கத் தெரியாது. உள்ளங்கையை அகல விரித்து அப்படியே கட்டைகளின் மேல் வைத்தார்.

எட்டுக் குரலும் ஒன்றாக எழுந்தன. தாழ்வான தறிக்கூடத்தின் கூரையில் அந்த ஒலி மோதி, தரை வழியாக எல்லோர் காலிலும் ஏறியது. கினுயோ ஒலியைத் திறந்து மூடும் வடிகட்டிக் குமிழைப் பிடித்து மெல்லத் திருகினாள். ஒலி வாய் திறந்தது. இன்னும் திருகினாள். இன்னும் திறந்தது. குசேயின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கையை எடுத்தால் ஒலி நின்றுவிடுமே என்று அவர் துடைக்கவில்லை. இத்தனை காலம் வாசிக்கத் தெரியாதவள் என்ற பட்டத்தோடு இருந்தவள் கூடம் நிறைந்த மனிதர்களை ஒரு குமிழால் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும், வாசிக்கத் தெரிந்த சங்கத்தார் மற்ற பொறிகளில் வந்து சேர்ந்துகொண்டார்கள். தெராதா முதலில் கைதட்டினார். பிறகு யார் கைதட்டுகிறார், யார் ஆடுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த மாலையே சங்கம் கூடி, அன்று எல்லோருமாக மீறிவிட்ட அந்த விதியை எடுத்தது. எடுக்கச் சொன்னவர் குசே. தலைவர் பதவியைக் கினுயோ ஏற்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. "கடை லீவான திங்கட்கிழமை மட்டும்னா சரி. மத்த நாள்ல தலை இருக்கு" என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

மறுவாரமே குசே தன் அடுத்த பொறியோடு சலூன் வாசலில் வந்து நின்றார்.

"இதுக்குப் புதுத் திரை வைக்கணும் நாகுரா சான். ஆனா நீல வெளிச்சம் வேண்டாம். மீன்கடை மாதிரி இருக்கும்."

நாற்காலியிலிருந்து தெராதா திரும்பினார். "மீன்கடைக்கு என்ன குறைச்சலாம்?"

"சிவப்பு வைக்கலாமே" என்றாள் கினுயோ.

"சிவப்பா? ஆரஞ்சு இருக்கா? இல்ல, இரண்டையும் போட்டுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்வரை போவதாக இல்லை என்பதுபோல, அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.