பீடத்து லில்லிகள்

தையற்காரம்மாவுக்கு ஊரில் இரண்டு பெயர் உண்டு. லில்லி வளர்ப்பதில் கைராசிக்காரி. துணி தைப்பதில் சுமார். முதலாவதைக் கேட்டால் தலை நிமிரும், இரண்டாவதைக் கேட்டால் முகம் சுண்டிவிடும். சோறு போடுவது என்னவோ இரண்டாவதுதான்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்குக் கோவில் பீடத்தில் நிற்பது அவர் வீட்டுத் தோட்டத்து வெள்ளை லில்லி. பிளாஸ்டிக் பூ வைக்கலாமே என்று யாராவது வாயெடுத்தால் போதும், "உயிர்த்தெழுந்தவருக்கு உயிரில்லாத பூவா?" என்று ஒரே போடு.

இந்த வருஷம் ஈஸ்டர் தள்ளி வந்தது. லில்லிக்கு அது தெரியுமா? பீடத்தில் ஒரு பூகூட வைக்கக் கூடாத தவக்காலத்தில், வஞ்சனையில்லாமல் பூத்துத் தள்ளியது. தையற்காரம்மா மொட்டும் பூவுமாக வெட்டி ஃபிரிட்ஜில் அடைத்தார். பால் எடுக்கப் போன கணவர் மூக்கெல்லாம் மகரந்தத்தோடு திரும்பினார்.

"ஏம்மா, இது ஃபிரிட்ஜா, பூக்கடையா?"

"வாயையும் மூடுங்க, கதவையும் மூடுங்க."

மூடியும் பயனில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிற்றுக்குள் எல்லாம் பழுப்பேறிவிட்டது.

மானம் போகிற நேரத்தில் கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! கல்யாண கவுன் தைத்து மிஞ்சிய வெள்ளை சாட்டினுக்குக் கஞ்சி போட்டு, இதழ் இதழாக வெட்டினார். ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கைத்தையல், உள்ளே மெல்லிய கம்பி, நடுவில் மஞ்சள் நூல். தண்டும் இலையும் மட்டும் தோட்டத்து அசல். வாழ்நாளில் அவர் இப்படித் தைத்ததில்லை. முடித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

ஈஸ்டர் காலை, பூசை முடிந்ததும் கூட்டம் பீடத்தை மொய்த்தது. முதல் ஆளாகப் போன நாத்தனார் மூக்கை நீட்டி இழுத்தாள்.

"என்ன வாசனை அண்ணி!"

தையற்காரம்மா பாய்ந்து முன்னால் வந்தார். "தொடாத, வாடிடும்" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவன் படைப்பு ஆண்டவன் படைப்புதான். மனுஷக் கையால இப்படி ஒரு இதழ் செய்ய முடியுமா?"

முடியும்டி, செய்தவள் இதோ நிற்கிறாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினார்.

"நீங்க தச்ச இந்த கவுனையே பாருங்களேன்." நாத்தனார் கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள், அக்குளில் இறுக்கிப் பிடித்துத் தோளுக்கு மேல் போகவில்லை. "பேசாம பூ வளக்கிறதோட நிறுத்திக்கலாம்ல அண்ணி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையற்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார்.